குன்னூரில் வாழ்ந்த பீல்டு மார்ஷல்

1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரை வென்று கொடுத்த தளபதி, ஓய்வுக்காலத்துக்கு என்று தேர்ந்தெடுத்த ஊர் நம் குன்னூர். பிறந்தது அமிர்தசரஸில். பெண் எடுத்தது பம்பாய் பார்சிக் குடும்பத்தில். டெல்லியில் தங்கியிருந்தால் ஆளுநர் பதவியோ தூதர் பதவியோ தேடி வந்திருக்கும் என்று பேசியவர்கள் உண்டு. சாம் மானெக்‌ஷா 1973 ஜனவரியில் பதவியை ஒப்படைத்துவிட்டு, மனைவி சில்லூவுடன் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார். ‘ஸ்டாவ்கா’ என்று பெயரிட்ட வீடு, சுற்றிலும் தோட்டம். அடுத்த 35 ஆண்டுகளும் அங்கேதான்.

அந்த மலை அவருக்குப் புதிதல்ல. 1959-ல் வெலிங்டன் ராணுவப் பணியாளர் கல்லூரிக்குத் தலைமை வகிக்க வந்தவர் அவர். மனத்தில் பட்டதை மறைக்காமல் பேசும் குணத்தால் அங்கேதான் வம்பும் வந்தது. தேசப்பற்று இல்லாதவர் என்று குற்றஞ்சாட்டி விசாரணை நீதிமன்றம் வைத்தார்கள். உடம்பில் ஏழெட்டுக் குண்டுகளை வாங்கிய ஒருவரைப் பார்த்துத்தான் இப்படிக் கேட்டார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது. குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. 1962-ல் சீனாவிடம் அடிபட்டுத் துவண்டிருந்த படைப்பிரிவைத் தூக்கி நிறுத்த அவரைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

அந்தக் குண்டுகளின் கதை பர்மாவில் நடந்தது. 1942 பிப்ரவரி 22, சித்தாங் ஆற்றங்கரை. ஜப்பானியரின் இயந்திரத் துப்பாக்கி கேப்டன் மானெக்‌ஷாவின் வயிற்றைத் துளைத்தது. நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றிலும் காயம். ஆள் பிழைக்க மாட்டார் என்று எண்ணிய உயரதிகாரி டேவிட் கோவன், தன் சட்டையிலிருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி அவர் மார்பில் குத்தினார். இறந்த பிறகு அந்த விருதைக் கொடுக்க விதியில்லை என்பதுதான் காரணம். உதவியாளரான சிப்பாய் ஷேர் சிங் அவரைச் சுமந்து மருத்துவரிடம் சேர்த்தார். என்ன ஆயிற்று என்று அந்த ஆஸ்திரேலிய மருத்துவர் கேட்டதற்கு, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றார் சாம். இந்த நிலையிலும் இப்படிப் பேசுகிறவனைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று மருத்துவர் கத்தியை எடுத்ததாகச் சொல்வார்கள்.

அப்போது அவருக்குக் கல்யாணமாகி மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. மூத்த மகள் ஷெர்ரி இரண்டு வயதுக் குழந்தை. சில்லூவை அவர் 1937-ல் லாகூரில் ஒரு விருந்தில் சந்தித்தார், 1939 ஏப்ரலில் கைப்பிடித்தார். சில்லூ ஓவியம் படித்தவர். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி என்றால் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும்தான் பாதி வாழ்க்கை. லாகூர், குவெட்டா, டெல்லி, ஜம்மு, வெலிங்டன், தேஜ்பூர், கல்கத்தா என்று கணவர் போன பாதை அது. இரண்டாவது மகள் மாயா 1945-ல் பிறந்தார். அந்த மாயா தாருவாலா பிற்காலத்தில் மனித உரிமைப் பணிக்குத் தன்னைக் கொடுத்துக்கொண்டார். தளபதியின் மகள் காவல்துறைச் சீர்திருத்தத்துக்குக் குரல் கொடுக்கிறார் என்றால், அந்த வீட்டில் பேச்சுக்குப் பூட்டு இருந்திருக்காது.

1971 ஏப்ரலில் அமைச்சரவைக் கூட்டத்தில் அவர் சொன்ன ‘முடியாது’ ஊரறிந்தது. கிழக்கு வங்காளத்துக்குள் உடனே புக வேண்டும் என்றார் இந்திரா காந்தி. மழை தொடங்கினால் அங்கே ஆறுகள் கடலாகிவிடும், இமயத்துக் கணவாய்களைப் பனி மூடினால்தான் சீனாவைப் பற்றிக் கவலையில்லை, இப்போது இறங்கினால் தோல்வி நிச்சயம் என்று முகத்துக்கு நேரே சொன்னார் சாம். வேண்டுமானால் ராஜினாமா தருகிறேன் என்றும் சொன்னார். காத்திருந்தார்கள். டிசம்பர் 3-ல் தொடங்கிய போர் 16-ல் முடிந்தது. சுமார் 93,000 பேர் கைதிகளானார்கள், வங்கதேசம் பிறந்தது. என் கணக்கில் அவருடைய மிகப் பெரிய வீரம் டிசம்பரில் இல்லை, அந்த ஏப்ரலில்தான் இருக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளைகளை ஆயத்தமில்லாமல் சாகக் கொடுக்க மனம் ஒப்பாத ஒருவரால்தான் பிரதமரிடம் அப்படிப் பேச முடியும்.

போருக்குள்ளும் அந்த மனம் மாறவில்லை. கொள்ளையும் பாலியல் கொடுமையும் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு போட்டார். பேகம் யாரையாவது எதிரில் கண்டால் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு சாமை நினைத்துக்கொள்ளுங்கள் என்று வீரர்களிடம் சொன்னதாக அவரே பின்னாளில் ஓர் உரையில் நினைவுகூர்ந்தார். அதே உரையில் இன்னொன்றும் சொன்னார். போர் முடிந்தபின் பேச்சுவார்த்தைக்காக லாகூர் போயிருந்தபோது, அங்கே வேலை செய்யும் ஒருவர் தலைப்பாகையைக் கழற்றி அவர் காலடியில் வைத்தாராம். தன் ஐந்து பிள்ளைகளும் உங்களிடம் கைதிகளாக இருக்கிறார்கள், அவர்கள் கட்டிலில் படுக்கிறார்கள், காவலுக்கு நிற்கும் உங்கள் சிப்பாய்கள் தரையில் படுக்கிறார்கள் என்று கடிதம் வருகிறது என்றாராம் அந்தத் தகப்பன். சாமைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான்.

கூர்க்காப் படைவீரர்கள் அவரைச் ‘சாம் பகதூர்’ என்று தங்களில் ஒருவராகவே அழைத்தார்கள். அரசு மட்டும் கணக்குப் பார்த்தது. பீல்டு மார்ஷலுக்கு ஓய்வு கிடையாது, ஆயுள் முழுக்கச் சம்பளம் உண்டு என்பது மரபு. 1973-ல் அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்கள், கோடி ரூபாயைத் தாண்டிய நிலுவையை 2007-ல்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்போது அவருக்கு 93 வயது. கூட இருந்து அந்தக் காத்திருப்பைத் தாங்கிய சில்லூ 2001 பிப்ரவரியிலேயே போய்விட்டார்.

2008 ஜூன் 27 பின்னிரவில், வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் நிமோனியாவால் சாம் இறந்தார். ஊட்டியிலுள்ள பார்சிக் கல்லறையில், சில்லூவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். குடியரசுத் தலைவர் வரவில்லை, பிரதமர் வரவில்லை, முப்படைத் தளபதிகள் வரவில்லை. தேசிய துக்கமும் அறிவிக்கப்படவில்லை. ஓர் இணையமைச்சர் வந்தார். வங்கதேசம் நன்றி மறக்காமல் அஞ்சலி செலுத்தியது. எந்த நெறிமுறையைக் காட்டினாலும் இந்தக் குறைக்குச் சமாதானம் கிடையாது.

நாட்டின் முதல் பீல்டு மார்ஷலுக்கே இதுதான் நிலைமை என்றால், வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் மதுரை, தேனிப் பக்கத்து ஊர்களிலும் சுபேதாராகவும் ஹவில்தாராகவும் ஓய்வுபெற்று, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வரும் பெரியவர்களை யார் நினைப்பார்கள்? உங்கள் தெருவில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் காலமானால், வேலையைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டுப் போய் நில்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.