குழந்தை நல அறிக்கை: பதற்றப்படாமல் படிப்பது எப்படி?

கள்ளிக்குப்பத்தில் அம்மாவோடு ஏழு வயதுக் குழந்தை, ஆவடியில் அப்பா. குழந்தை யாரிடம் வளர்வது என்று குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருநாள் ஆலோசகரின் அறிக்கை வருகிறது. "ரிப்போர்ட் வந்துடுச்சு, இனிமே அவ்ளோதான்" என்று ஒருவர் உடைந்துபோவார். "ஜெயிச்சாச்சு" என்று இன்னொருவர் நினைப்பார். ரெண்டுமே சரியில்லை.

அறிக்கை தீர்ப்பு அல்ல

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984, பிரிவு 12-இன்படி மருத்துவர், சமூக நலத்துறை சார்ந்தவர் போன்றோரின் உதவியை நீதிபதி பெறலாம். வழக்கைத் தீர்க்க உதவும் என்று கருதினால், வழக்கமான சாட்சிய விதிகளுக்குள் வராத அறிக்கையையும் பிரிவு 14-இன்படி ஏற்கலாம். ஆனால் முடிவெடுப்பது நீதிபதிதான். பெற்றோரில் யார் நல்லவர் என்று மார்க் போடும் தாள் அல்ல இது. குழந்தையின் நலன் எதில் இருக்கிறது என்பதே கேள்வி. விவரம் தெரிந்த வயது என்றால், குழந்தையின் விருப்பத்தையும் கருதலாம் என்கிறது 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம்.

படிக்கும்போது கவனியுங்கள்

• நேரில் கண்டது எது, கருத்து எது? "அப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்தது" என்பது கண்டது. "அப்பாவிடம்தான் பாசம் அதிகம்" என்பது கருத்து.
• குழந்தையை எத்தனை முறை, எங்கே சந்தித்தார்கள்? அப்போது கூட யார் இருந்தார்கள்?
• பள்ளி, உடல்நலம், தேதி விவரங்கள் சரியா?

தவறு இருந்தால், ஆதாரத்தோடு எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தெரிவியுங்கள். ஆலோசகரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

பேசியது ரகசியமா?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். கணவன், மனைவி இருவரும் சமரச மையத்தில் பேசுவது ரகசியம். ஆனால் குழந்தையின் நிலை பற்றி ஆலோசகர் தரும் அறிக்கைக்கு அந்த ரகசியம் பொருந்தாது; நீதிமன்றம் அதைப் பார்க்கலாம் என்று டெல்லி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியது.

அதற்காக, "இப்படிச் சொல்லு கண்ணா" என்று குழந்தைக்குப் பாடம் எடுக்காதீர்கள். அது குழந்தைக்குத்தான் பாரம். அறிக்கையை வாட்ஸ்அப் குடும்பக் குழுவிலும் போடாதீர்கள்.

உதவி வேண்டுமா?

15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்ட உதவி இலவசம். வாய்தா தேதியை இ-கோர்ட்ஸ் செயலியில், வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

குழந்தை யாரிடம் என்ற உத்தரவும் கல்லில் செதுக்கியது அல்ல. சூழ்நிலை மாறினால், மாற்றக் கேட்டு மனு போடலாம்.