படித்ததும் பட்டதும் – 9: ஒரே கல்லூரி, இரண்டு பேர்

சென்ற வாரம் விஞ்ஞானி ஃபாரடேயை லண்டன் பைண்டிங் கடையிலிருந்து ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுக்கூடம் வரை கொண்டுவந்து சேர்த்தோம். பட்டமா, பட்டறிவா என்பதே இந்தத் தொடரின் கேள்வி. இந்த வாரம் அமெரிக்காவின் விவியன் தாமஸைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் கும்பகோணம் குறுக்கே வந்துவிட்டது.

1903இல் தமிழறிஞர் உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் அரசுக் கல்லூரியிலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போகிறார். 1904இல் கணித மேதை ராமானுஜன் அதே கும்பகோணம் கல்லூரியில், பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பில் சேர்கிறார். ஐயர் வெளியேறுகிறார், பையன் நுழைகிறான். இருவர் வாழ்க்கையையும் தனித்தனியே படித்தவர்கள் ஏராளம். இந்த இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

ஏனென்றால், ஐயர் எந்தப் பட்டமும் இல்லாமல் அந்தக் கல்லூரிக்குள் வந்து 23 ஆண்டுகள் பாடம் சொன்னவர். ராமானுஜனோ மெட்ரிகுலேஷனில் தேறி, உதவித்தொகையும் பெற்று வந்து, பட்டத்தின் முதல் படியையே தாண்ட முடியாமல் வெளியேறியவர். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வாங்கிய கல்லூரி அது. பட்டம் பெரிதா, பட்டறிவும் பிறவி அறிவும் பெரிதா என்ற நம் கேள்விக்கு அந்தக் காவிரிக்கரைக் கட்டடம் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

ஐயர் விஷயத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1880இல் அங்கே தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறுகிறார். அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மூத்த மாணவர். தம் இடத்துக்கு யார் என்று அவரே யோசித்து, திருவாவடுதுறை மடத்தில் இருந்த 25 வயது இளைஞர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார். அந்த இளைஞருக்குப் பல்கலைக்கழகம் என்பதே பழக்கமில்லை. பிள்ளையவர்களின் காலடியில் ஐந்தாறு ஆண்டுகள் பாடம் கேட்டதுதான் அவருடைய படிப்பு. சுவடியை வாசிப்பது, பொருள் கேட்பது, ஆசிரியர் பாடப் பாட எழுதுவது, இரவில் மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பது. தேர்வு என்று தனியாக ஒன்று இல்லை. ஒவ்வொரு நாளும் தேர்வுதான்.

கல்லூரித் தலைவர் கோபால் ராவ் சிபாரிசை மட்டும் நம்பி ஆளை எடுத்துவிடவில்லை. ஐயரைச் செய்யுள் சொல்லச் சொன்னார்கள், பொருள் விளக்கச் சொன்னார்கள், கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். தமிழ் தெரிந்தவர்கள் உட்கார்ந்து, தமிழ் தெரிந்தவரா என்று பார்த்தார்கள். எனக்கு இந்தக் காட்சி பெரிய விஷயமாகப் படுகிறது. ஐயருக்குச் சலுகை எதுவும் காட்டப்படவில்லை. காகிதத்தைக் கேட்காமல் ஆளைக் கேட்டார்கள், அவ்வளவுதான். பட்டத்தைவிடக் கடினமான சோதனை அது.

அதன் பலன் தமிழுக்கே தெரியும். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. எல்லாமே கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பதிப்பித்தவை. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தந்தது. அப்போது அவருக்கு வயது 77.

ஆனால் பட்டறிவின் கட்சிக்காரர்கள் இங்கே ஒரு செய்தியை மறைக்கக் கூடாது. சிந்தாமணியைப் படித்திருக்கிறீரா என்ற கேள்வியை ஐயரிடம் கேட்டவர் யார்? 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார். ஐயர் தாம் படித்த அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசையாகச் சொல்ல, முதலியார் அசைந்து கொடுக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். ஆங்கிலக் கல்வி பெற்ற ஒரு நீதித்துறை அதிகாரி அவர். மடத்துப் பாடமுறை தலைமுறை தலைமுறையாக எதைப் படித்து வந்ததோ அதற்குள்ளேயே நின்றுவிட்டது. அதற்கு வெளியே இன்னொரு தமிழ் இருக்கிறது என்று காட்ட வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. அதன் பிறகு சிந்தாமணியில் வரும் சமண சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே போய்க் கேட்டுத் தெளிந்தார் ஐயர். அனுபவசாலிக்கும் மேலும் ஒரு படிப்பு தேவைப்பட்டது. அதைத் தாமே தேடிப் போனதுதான் அவர் பெருமை.

இனி ராமானுஜன். கதை தெரிந்ததுதான், வேகமாகப் போகலாம். கணக்கைத் தவிர எதிலும் மனம் நிற்கவில்லை, ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. 1905இல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906, 1907 இரண்டு ஆண்டும் எஃப்.ஏ.யில் தோல்வி. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா.

கும்பகோணம் கல்லூரியும் துறைமுகக் கழகமும் வேறுபடும் இடம் எது? கல்லூரியில் மதிப்பெண் பட்டியல் பேசியது. துறைமுகத்தில் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் படித்தவர். ராமானுஜன் எழுதியதை வாங்கிப் பார்த்தார், கூட உட்கார்ந்து போட்டுப் பார்த்தார், மேலதிகாரி பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் எடுத்துச் சொன்னார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்குப் போன கடிதத்தில் தமக்குப் பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை ராமானுஜனே முதலில் சொல்லிவிட்டார். அதைப் பெற்ற கணித அறிஞர் ஹார்டி கடிதத்தைக் கீழே வைக்காமல் சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து சூத்திரங்களைச் சோதித்தார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடையாது என்ற தன் வழக்கத்தைத் தாண்டி, மாதம் 75 ரூபாய் கொடுத்தது. எஃப்.ஏ.யில் தோல்வி என்று எழுதிய அதே பல்கலைக்கழகம்! அதற்காக அந்தப் பல்கலைக்கழகத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இங்கேயும் மறுபக்கம் உண்டு. நிறுவல் என்றால் என்ன என்பதில் ராமானுஜனுக்குத் தெளிவு போதவில்லை. பகா எண்களைப் பற்றி அவர் அனுப்பிய சில முடிவுகள் தவறானவை. நல்ல ஆசிரியர் கிடைத்திருக்க வேண்டிய வயதில் தனியே விடப்பட்டதே அவருடைய பெரிய இழப்பு என்று ஹார்டி கடைசிவரை வருந்தினார். ஆகவே படிப்பு வேண்டாம் என்று ராமானுஜன் பெயரைச் சொல்லாதீர்கள். படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் துயரம்.

எனக்கு இப்போது தெளிவாகத் தெரிவது இதுதான்: பட்டத்துக்கும் அனுபவத்துக்கும் நடக்கும் சண்டையில் உண்மையான கேள்வி, சோதிக்கிறவர் யார் என்பது. துறை அறிந்தவர் நேரில் உட்கார்ந்து பார்த்தால் பட்டம் தேவைப்படுவதில்லை. அப்படி உட்கார ஆள் இல்லாத இடத்தில், அல்லது உட்கார மனமில்லாத இடத்தில், காகிதம் அரசாளும்.

இன்றைய விதிப்படி கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு முதுகலையில் 55 விழுக்காடும், நெட் அல்லது செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். தியாகராச செட்டியார் இன்று வந்து ஒரு மாணவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனால் விண்ணப்பத்தையே வாங்க மாட்டார்கள். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு சிறு கதவைத் திறந்தது: தொழிலில் 15 ஆண்டு அனுபவம் இருந்தால் பட்டமில்லாமலும் ‘அனுபவப் பேராசிரியர்’ ஆகலாம். ஆனால் அது தற்காலிகப் பணி. மொத்த இடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. நான்கு ஆண்டுக்கு மேல் நீடிக்கவும் கூடாது. 25 வயது சாமிநாதையருக்கு அந்தக் கதவும் திறந்திருக்காது.

பாலம் கட்டுகிறவருக்கும் மருத்துவருக்கும் சான்றிதழ் வேண்டாமா என்று வாசகர்கள் கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் உயிரை ஒப்படைக்கும் வேலைக்குப் பொதுவான ஒரு சான்று இருந்தே தீர வேண்டும். அந்த இடத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விவியன் தாமஸை விடாமல் வைத்திருப்பது அதற்காகத்தான். பள்ளிப் படிப்போடு நின்ற தச்சர் அவர். 1944 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒரு குழந்தைக்கு நடந்த இதய அறுவைச் சிகிச்சையில், அறுவை மருத்துவரின் பின்னால் நின்று அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அடுத்த வாரம் அவர்தான்.

அதுவரை, ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்வித் தகுதி பார்த்து ஒதுக்கி வைத்த விண்ணப்பங்களிலிருந்து இந்த வாரம் ஒருவரையாவது கூப்பிடுங்கள். அரை மணி நேரம் எதிரில் உட்கார வைத்து, வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள். நடந்ததை எனக்கு எழுதுங்கள்.