மாலைக்கு முன் கையெழுத்து

"கல்யாண போட்டோகிராபி ஒர்க்‌ஷாப். பெண் மாடல் தேவை. முன் அனுபவம் வேண்டாம். மேக்கப், புடவை, நகை எல்லாம் நாங்களே தருகிறோம்." ஆமத்தூர், திருத்தங்கல் பக்கத்துக் கல்லூரிப் பெண்ணின் போனுக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால், அதைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே மண்டபங்களுக்குக் குறைவில்லை. கேமரா வாங்கித் தொழில் பழக நினைக்கும் இளைஞர்களுக்கும் குறைவில்லை. நிஜக் கல்யாண வீட்டில் போய்ப் பழக முடியாது. தாலி கட்டும் நொடியைத் தவறவிட்டால் "அண்ணே, இன்னொரு தடவை" என்று மாப்பிள்ளையிடம் கேட்கவா முடியும்? ஆகவே பயிற்சிக்கு ஒரு பொய்க் கல்யாணம் வேண்டியிருக்கிறது. அதில் மணப்பெண்ணாக நிற்பது கௌரவமான வேலைதான். போகாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எதை எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் பேச்சு.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர் என்கிறது. மகள் கல்யாணத்துக்கு போட்டோகிராபரை அமர்த்திய அப்பாவுக்கு இருக்கும் பிடி அது. ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் மாடலுக்கு அந்தப் பிடி கிடையாது. அங்கே படத்தை எடுத்தவரே உரிமையாளர். இருபது பேர் பழக வந்திருந்தால் இருபது மெமரி கார்டு, இருபது உரிமையாளர்கள். சாயங்காலம் அவர்கள் பஸ் ஏறும்போது உங்கள் முகமும் இருபது ஊருக்குப் போகிறது. ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர் தெரிந்தவராக இருக்கலாம், "நான் பாத்துக்கிறேம்மா" என்று மனசாரவே சொல்லலாம். பயிற்சிக்கு வந்தவர்களிடமும் கையெழுத்து வாங்காத வரை, பார்த்துக்கொள்வதற்கு அவர் கையில் ஒன்றும் இல்லை.

மகாராஷ்டிரத்தில் ஒரு பெண்ணுக்கு நடந்ததைக் கேளுங்கள். தெரிந்த உள்ளூர் போட்டோகிராபர் ஒருவர் அவரைப் படம் எடுத்தார். அந்தப் படம் ஷட்டர்ஸ்டாக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் படச் சந்தைக்கு ஏறியது. அங்கிருந்து மாநில அரசுகள், மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம், ஒரு தேசியக் கட்சி என்று பலருடைய விளம்பரங்களில் அவர் முகம் வந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. 2025 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம், இது வணிகச் சுரண்டலாகத் தெரிகிறது என்று சொல்லி எல்லோருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. விளம்பரம் போட்டவர்கள் படத்துக்கு முறையாக உரிமம் வாங்கியிருக்கக்கூடும். படத்துக்கு வாங்கிய உரிமம் முகத்துக்கு வாங்கிய சம்மதம் ஆகுமா என்பதுதான் கேள்வியே.

நம் வட்டாரத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மற்ற ஊர்களில் படம் போனில் சுற்றும், சிவகாசியில் அச்சேறும். ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகின்றன. பட்டாசுப் பெட்டி லேபிள், நகைக்கடை நோட்டீஸ், ஜவுளிக்கடைப் பை எல்லாவற்றுக்கும் சிரித்த முகம் ஒன்று தேவைப்படுகிறது. பளிச்சென்ற மணக்கோலப் படம் ஒன்று பென் டிரைவில் வந்தால், "யார் இந்தப் பொண்ணு, சம்மதம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அடிக்கும் டிசைனர்கள் எத்தனை பேர்?

முகத்துக்கு உரிமை உண்டு என்று சொன்ன முக்கியமான தீர்ப்பு, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் பிறந்தது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கு அது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்கோ வேறு எதற்கோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உறுதி செய்தார்கள். ரஜினிகாந்த் 2015-இல் தன் பெயரை வைத்து எடுத்த இந்திப் படத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். ரஜினியிடம் நீதிமன்றம் கேட்காத ஒரு கேள்வியை ஆமத்தூர்ப் பெண்ணிடம் எதிர்த் தரப்பு நிச்சயம் கேட்கும்: "நீயாகத்தானே வந்து போஸ் கொடுத்தாய்?" இதற்குப் பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

தொழிலில் 'மாடல் ரிலீஸ்' என்று சொல்லும் அந்தக் கடிதத்தை மேக்கப்புக்கு உட்காரும் முன்பே கேளுங்கள். முகத்தில் பவுண்டேஷன் போட்டு, தலையில் பூ வைத்த பிறகு யாருக்கும் பேரம் பேச வாய் வராது. ஆங்கிலத்தில் நாலு பக்கம் நீட்டினால் தமிழில் கேளுங்கள். ஒரு பக்கம் போதும். தேதி, இடம், எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம், எப்போது கைக்கு வரும். படத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்: பயிற்சிக்கு மட்டுமா, பழகுகிறவர்களின் ஆல்பத்துக்கா, இன்ஸ்டாகிராமுக்கா? விளம்பரம், காலண்டர், படச் சந்தை, ஏஐ பயிற்சி ஆகியவற்றுக்குக் கூடாது என்றால் 'கூடாது' என்றே எழுத வேண்டும். 'எல்லாப் பயன்பாட்டுக்கும், எக்காலத்துக்கும்' என்ற வரி இருந்தால் அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், கேமராவோடு வந்த ஒவ்வொருவரும் அதே தாளில் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். போன் கேமராவும் கேமராதான். டீ கொண்டுவந்த தம்பி எடுத்த ரீல்ஸும் இதில் சேர்த்தி.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்தே அமலாகும். அதுவரை அந்த ஒற்றைத் தாள்தான் துணை.

இனி, கல்யாணப் படத்துக்கே உரிய ஒரு சிக்கல். விளம்பரத்துக்குச் சோப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது விளம்பரம் என்று எல்லோருக்கும் தெரியும். மாலையும் கழுத்துமாக ஓர் ஆணின் பக்கத்தில் நின்றால்? இந்து திருமணச் சட்டத்தில் 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கிறது. உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் தேவையில்லை. ஊரறிய நடக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. காதலித்தவர்களைக் காப்பாற்றிய நல்ல சட்டம் இது. படத்துக்காக நடித்ததால் திருமணம் ஆகிவிடாது. மணக்கும் எண்ணம் இரு தரப்பிலும் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் ஆண் மாடலோ வேறொருவரோ, "இவள் என் மனைவி, இதோ போட்டோ" என்று நாளைக்குக் கிளம்பினால், கோர்ட்டுக்குப் போகும் முன்பே ஊர் தீர்ப்பு எழுதிவிடும். அந்தப் பையன் வேறு சாதி என்றால் நம் மாவட்டத்தில் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே மணமகன் இல்லாமல் தனியாக நிற்கும் படங்கள் மட்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஜோடியாக நிற்பதானால், இது பயிற்சிக்கான நடிப்பு, திருமணம் அல்ல என்ற வரி கடிதத்தில் இருக்கட்டும். ஆண் மாடலும் அதில் கையெழுத்திடட்டும். சினிமாவில் கிளாப் அடிப்பதுபோல 'பயிற்சிப் படப்பிடிப்பு' என்று தேதியோடு எழுதிய அட்டையைப் பிடித்து நாளின் முதல் படத்தை எடுத்து, உங்கள் போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டையின் அருமை பிரச்சினை வரும்போது தெரியும். தாலி கட்டும் காட்சியை முழுக்கவே தவிர்க்கலாம் என்பது என் கட்சி. கோணம் பழக, கட்டுவதுபோல் கை வைத்தாலே போதும்.

பதினெட்டு வயது நிறையாத பெண்ணை மணக்கோலத்தில் நிறுத்தவே கூடாது. அவர் போடும் கையெழுத்து சட்டப்படி செல்லாது. அந்தப் படம் வெளியே போனால் குழந்தைத் திருமணம் என்று 1098-க்குப் போன் போகும், போக வேண்டும். பிளஸ் டூ மாணவியைக் கேட்டு வந்தால் வீட்டார் அந்த இடத்திலேயே மறுத்துவிடலாம்.

உடை மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். கூட ஒரு பெண், அம்மாவோ அக்காவோ தோழியோ, இருக்கட்டும். "கூட யாரும் வரக்கூடாது" என்று சொல்லும் இடத்துக்குப் போகவே வேண்டாம். உடை மாற்றுவதை ஒளிந்து படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

பட்டாசு பூமியில் சொல்லியே தீர வேண்டியது ஒன்று. இப்போது கல்யாண ஷூட் என்றால் கலர் புகை, கம்பி மத்தாப்பு, பூச்சட்டி எல்லாம் வந்துவிடுகின்றன. இங்கே சரக்கு கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால் தயக்கமும் குறைவு. 2025 மார்ச்சில் பெங்களூருவில், கனடாவிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஜோடியின் ஷூட்டில், பின்னணியில் வெடிக்க வேண்டிய கலர் பாம் மணமகள் மேல் பாய்ந்தது. முதுகு வெந்தது, முடி கருகியது. மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஹேர் ஸ்ப்ரே அடித்த கூந்தல், செயற்கை இழைப் புடவை, சவுரி மூன்றும் சட்டென்று பற்றும். தீ சம்பந்தப்பட்ட போஸ் கிடையாது என்று மறுத்துவிடுங்கள். ஒப்புக்கொள்வதானால் பருத்தியோ பட்டோ உடுத்தி, பக்கத்தில் தண்ணீர் வாளியும் போர்வையும் வைத்த பிறகு நில்லுங்கள். காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதும் அந்தத் தாளில் ஒரு வரி.

மாடலாக்குகிறேன், போர்ட்ஃபோலியோ போட்டுத் தருகிறேன் என்று உங்களிடமே பணம் கேட்டால், நீங்கள் அங்கே மாடல் இல்லை, வாடிக்கையாளர். சொன்னபடி செய்யாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

மீறல் நடந்துவிட்டால் முதலில் ஆதாரம். இணைய முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அச்சில் வந்திருந்தால் ஒரு பிரதி வாங்குங்கள். கோபத்தில் எதிராளியைத் திட்டி மெசேஜ் போட்டால் அவர் முதலில் அழிப்பது ஆதாரத்தைத்தான். ஆபாசமாக மார்பிங் செய்த படமோ, உங்கள் பெயரில் போலிக் கணக்கோ என்றால், திருத்தப்பட்ட 2021 ஐ.டி. விதிகள்படி புகார் கொடுத்த 2 மணி நேரத்துக்குள் அந்தத் தளம் நீக்க வேண்டும். பெண் வழக்குரைஞர் ஒருவரின் வழக்கில் 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அவருடைய அந்தரங்கப் படங்களை 48 மணி நேரத்துக்குள் அகற்ற மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 1930 என்ற எண்ணிலும் தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் செய்யலாம். எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியச் சொல்லலாம், "எங்க எல்லை இல்லம்மா" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

கை படுவது, அருவருப்பான பேச்சு, "அடுத்த ஷூட் வேணும்னா..." என்ற தூண்டில், இவற்றுக்குப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பொருந்தும். சம்பளமின்றி ஒரு நாள் மட்டும் வந்தவரையும் அது விடவில்லை. பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் சின்ன ஸ்டூடியோ என்றால் புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும், மூன்று மாதத்துக்குள்.

அனுமதியில்லாமல் காலண்டரிலோ லேபிளிலோ முகம் வந்துவிட்டால் வழக்குரைஞர் நோட்டீஸ் படம் எடுத்தவருக்கு மட்டும் போகக் கூடாது. அச்சிட்டவர், அச்சிடச் சொன்னவர் இருவருக்கும் போக வேண்டும். விற்காத சரக்கை நிறுத்து, படம் யாரிடமிருந்து வந்தது என்று சொல், இழப்பீடு கொடு என்ற மூன்று கோரிக்கையோடு. வழக்குரைஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவிக்குப் பெண் என்பதே தகுதி, வருமானத்தைப் பார்ப்பதில்லை. நம் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இருப்பது விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைத் தேடி அங்கே போக வேண்டும். போகும் முன் 15100-க்குப் போன் செய்து விசாரித்துக்கொள்ளலாம். கையெழுத்துத் தாள், முதல் அட்டைப் படம், பணம் வந்த ஜிபே ரசீது ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.