புளிப்புக்கு எத்தனை மார்க்? லாம்பிக், கள், நம்ம நாக்கு

இன்னைக்குப் பேசப்போறது புளிச்ச பீரைப் பத்தி. "பீர் புளிச்சா கொட்டிட வேண்டியதுதானே, அதுக்கு ஒரு எபிசோடா?"ன்னு நிறைய பேர் கேட்டாச்சு. அந்தக் கேள்விக்குத்தான் இந்த எபிசோடே.

முதல்ல ஒரு விஷயம். தமிழ்நாட்டுல மது வாங்குற வயசு 21. அதுக்குக் கீழே இருக்கிறவங்களும் குடிக்கிற பழக்கம் இல்லாதவங்களும் தாராளமா கேட்கலாம். கடைசியில ஒரு பயிற்சி சொல்றேன், அதுக்கு ஒரு சொட்டு மது கூட வேண்டாம்.

ஈஸ்ட் போடாத பீர்

சாதாரண பீர்ல ஈஸ்டை ஆய்வகத்துல வளர்த்து, அளந்து சேர்ப்பாங்க. பெல்ஜியத்துல, பிரஸ்ஸல்ஸுக்குத் தென்மேற்கே பஜோட்டன்லேண்ட்னு ஒரு பகுதி. அங்கேயும் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குள்ளேயும் லாம்பிக்னு ஒரு பீர் காய்ச்சுறாங்க. அதுல யாரும் ஈஸ்ட் போடுறதில்லை. பார்லி மால்ட்டோட முளைகட்டாத கோதுமையையும் சேர்த்துக் காய்ச்சின கஷாயத்தை, அகலமான ஆழமில்லாத ஒரு திறந்த தொட்டியில ஊத்தி, ராத்திரி முழுக்க ஆற விடுறாங்க. அந்தத் தொட்டிக்குப் பேர் கூல்ஷிப். காத்துல இருக்கிறதும் கட்டடத்துல இருக்கிறதும் அதுல இறங்கும். மறுநாள் பழைய மரப் பீப்பாய்க்குப் போகும். அந்த மரத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையா நுண்ணுயிர்கள் குடியிருக்கு. 1900-ல ஆரம்பிச்ச காண்டியோன் ஆலை இன்னமும் இப்படித்தான் காய்ச்சுது.

பீப்பாய்க்குள்ள ஷிப்ட் போட்டு வேலை நடக்குது. முதல் சில வாரம் ஒரு வகை பாக்டீரியா. அடுத்து சாதாரண ஈஸ்ட் வந்து ஆல்கஹாலைத் தரும். மாசங்கள் கழிச்சு பீடியோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா புளிப்பைக் கொண்டு வரும். அந்த சமயத்துல பீர் சில நேரம் எண்ணெய் மாதிரி கொழகொழன்னு ஆகிடும். அப்புறம் பிரெட்டனோமைசிஸ்ங்கிற ஈஸ்ட் அந்தக் கொழகொழப்பை உடைச்சு, தனக்குன்னு ஒரு வாசத்தை விட்டுட்டுப் போகும். ஒண்ணு, ரெண்டு, மூணு வருஷ லாம்பிக்கைக் கலந்து பாட்டில்ல அடைச்சா அதுக்குப் பேர் கூஸ். பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிச்சு ஷாம்பெயின் மாதிரி நுரைக்கும்.

காரைக்குடியில இது நடக்குமா?

நடக்காது. லாம்பிக் காய்ச்சுறது குளிர் மாசங்கள்ல மட்டும்தான். அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்னு வெச்சுக்கலாம். ராத்திரிக் குளிர்தான் கெட்ட பாக்டீரியாவை அடக்கி வெச்சு, கஷாயத்தை நிதானமா ஆற விடும். நம்ம சித்திரை வெயில்ல கூல்ஷிப் வெச்சா, விடியுறதுக்குள்ள வேற ஏதோ ஆகிடும்.

ஆனா ஈஸ்ட் போடாம நொதிக்க வைக்கிற வேலை நமக்குப் புதுசு இல்ல. செட்டிநாட்டுல இருந்து ராமநாதபுரம் பக்கம் போனா வழியெல்லாம் பனை. பாளையைச் சீவி கலயத்தைக் கட்டுவாங்க. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதநீர். தடவலைன்னா கள். வித்தியாசம் அவ்வளவுதான். சுண்ணாம்பு நொதிக்க விடாது. அது இல்லாட்டி, சொட்டுச் சொட்டா இறங்கும்போதே பனஞ்சாறு நொதிக்க ஆரம்பிச்சுடும். காத்து, பாளை, ஏற்கெனவே கள் இறக்கின கலயம், எல்லாத்துல இருந்தும் ஈஸ்டும் பாக்டீரியாவும் வரும். பெல்ஜியத்துக்காரங்களுக்குப் பழைய பீப்பாய்னா, நமக்குப் பழைய கலயம்.

ரெண்டுக்கும் நடுவுல உள்ள பெரிய வித்தியாசம் நேரம். லாம்பிக் மூணு வருஷத்துல நடக்கிற பயணம். கள் அதுல பெரும்பகுதியை ஒரே நாள்ல முடிச்சுடும். காலையில இனிப்பு, லேசான நுரை. வெயில் ஏற ஏற இனிப்பு குறையும், ஆல்கஹாலும் புளிப்பும் கூடும். மறுநாள் வினிகர் பக்கம் சாய ஆரம்பிச்சுடும். அதனால லாம்பிக்கை வருஷத்தால சொல்றாங்க, கள்ளை வேளையால சொன்னாங்க.

'சொன்னாங்க'ன்னு இறந்த காலத்துல சொல்றதுக்குக் காரணம் இருக்கு. தமிழ்நாட்டுல 1987-ல இருந்து கள் இறக்கவும் விற்கவும் தடை. தடை சரியா தப்பாங்கிறது பெரிய விவாதம், அதுக்குத் தனி எபிசோட் வேணும். இன்னைக்கு நமக்கு வேண்டியது அதோட ஒரு பக்க விளைவு: கள்ளைச் சுவைச்சு, இது எந்த வேளைக் கள்னு சொல்லத் தெரிஞ்ச நாக்கு இப்ப அறுபதைத் தாண்டினவங்ககிட்டதான் பெரும்பாலும் இருக்கு.

இதை நான் நேர்லயே பார்த்தேன். போன வருஷம் ஒரு தோழி கூஸ் பாட்டில் ஒண்ணு கொண்டு வந்தா. காரைக்குடி வீட்டுல நாலு பேர் உட்கார்ந்து மார்க் போட்டோம். ஒருத்தன் "கெட்டுப்போச்சு"ன்னு அஞ்சுக்கு ஒண்ணு போட்டான். இன்னொருத்தி "செம புளிப்பு"ன்னு அஞ்சுக்கு அஞ்சு. பெரியப்பா ஒரே ஒரு வாய் குடிச்சார். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "மத்தியானம் தாண்டின கள்ளுடா இது. ஆனா காடி ஏறல"ன்னார்.

காடின்னா வினிகர். எங்க நாலு பேர் மார்க்கை விட அந்த ரெண்டு வரியில தகவல் ஜாஸ்தி. எவ்வளவு தூரம் நொதிச்சிருக்கு, எந்தப் புளிப்பு இருக்கு, எது இல்ல. மூணும் வந்துடுச்சு.

எந்தப் புளிப்பு?

நம்ம சமையல்கட்டுலயே நாலு புளிப்பு இருக்கு. தயிர்ல லாக்டிக் அமிலம். புளியில டார்டாரிக். எலுமிச்சையில சிட்ரிக். வினிகர்ல அசிட்டிக். காட்டு நொதிப்புல முக்கியமா வர்றது ரெண்டு: லாக்டிக், அசிட்டிக்.

இதைப் பிரிக்க சுலபமான வழி மூக்கு. அசிட்டிக் அமிலம் ஆவியாகும், அதனால வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே மூக்கைக் குத்தும். லாக்டிக் அமிலத்துக்கு வாசம் கிடையாது. நாக்குல பட்டாத்தான் தெரியும். குளிச்ச தயிர் மாதிரி உருண்டையான புளிப்பு அது. மூக்குல ஒண்ணும் இல்லாம நாக்குல நல்ல புளிப்பு வந்தா லாக்டிக். தொண்டையில காந்தினா அசிட்டிக் கூடிப்போச்சுன்னு அர்த்தம்.

மூணாவதா பிரெட்டனோமைசிஸோட வாசம். இங்கிலீஷ்காரங்க இதைக் குதிரைப் போர்வை வாசம்னு சொல்வாங்க. நம்மள்ல எத்தனை பேர் குதிரைப் போர்வையை மோந்து பார்த்திருக்கோம்? மாட்டுத் தொழுவம், நனைஞ்ச வைக்கோல், பழைய தோல் செருப்புன்னு எழுதுங்க. லாம்பிக்ல இது அளவா இருந்தா குறை இல்ல, குணம்.

மார்க் எப்படிப் போடுறது

பீர் நடுவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர்ற பிஜேசிபி அமைப்போட மதிப்பெண் தாள் 50 மார்க்குக்கு. வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில படுற உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 மார்க்தான், கவனிங்க. இன்ஸ்டாகிராம்ல போடுற போட்டோவுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

அதை விட முக்கியம், மார்க் போடுறது அந்த வகையோட இலக்கணத்தை வெச்சுத்தான். கலக்காத லாம்பிக்ல நுரை ஏறக்குறைய இருக்காது. "கேஸ் போயிடுச்சு"ன்னு மார்க் குறைச்சா தப்பு நம்ம மேல. கூஸ்ல நுரை இல்லைன்னா அது குறைதான். ரெண்டுலயும் வினிகர் தூக்கலா இருந்தா மார்க் குறையும். "எவ்வளவு புளிக்குதோ அவ்வளவு நல்லது"ங்கிற ஆப் ரேட்டிங் தவறிப்போற இடம் இதுதான். நல்ல கூஸ்ல புளிப்பு மத்த சுவைகளை மிதிக்காது.

நடைமுறைக்கு மூணு குறிப்பு. ஐஸ் குளிர்ச்சியில குடிக்காதீங்க, வாசம் அடங்கிடும். ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வையுங்க. முதல் வாய்க்கு மார்க் போடாதீங்க. அது நாக்கு அதிர்ச்சியாகுற வாய். மூணாவது வாய்லதான் உண்மை தெரியும். பக்கத்துல ஊறுகாயும் மிளகு வறுவலும் வேண்டாம், மார்க் போட்டு முடிக்கிற வரைக்கும் வெறும் பொரி போதும்.

மது இல்லாத பயிற்சி

நாலு டம்ளர் எடுங்க. ஒண்ணுல ஒரு ராத்திரி ஊறின நீராகாரம். ரெண்டாவதுல நல்லா புளிச்ச தயிரோட தெளிநீர். மூணாவதுல தண்ணியில சில சொட்டு வினிகர். நாலாவதுல தண்ணியில சில சொட்டு எலுமிச்சை. கண்ணை மூடிக்கிட்டு வேற யாரையாவது டம்ளரை மாத்தி மாத்தித் தரச் சொல்லுங்க. முதல்ல மூக்கு, அப்புறம் நாக்கு. நாலையும் தப்பில்லாம சொல்ற வரைக்கும் பண்ணுங்க.

பழைய சோத்துல நடக்கிறதும் இதே காட்டு நொதிப்புதான். இட்லி மாவும் அப்படித்தான். மாவு பொங்குறதுக்கும் புளிக்கிறதுக்கும் லியூகோநாஸ்டாக்ங்கிற பாக்டீரியா காரணம்னு 1965-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை வந்திருக்கு. "இன்னைக்கு மாவு இட்லிக்கு ஆகும், நாளைக்குத் தோசைக்குத்தான்"னு மோந்து பார்த்தே சொல்ற அம்மாவும் ஒரு புளிப்பு நடுவர்தான்.

இந்த வாரம் ஒரு வேலை. வீட்டுலயோ ஊர்லயோ 1987-க்கு முன்னாடி கள் குடிச்ச பெரியவங்க இருந்தா, அவங்ககிட்ட உட்கார்ந்து கேளுங்க: காலைக் கள்ளுக்கும் சாயங்காலக் கள்ளுக்கும் என்ன வித்தியாசம்? கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அதுக்கு என்ன வார்த்தை சொல்வீங்க? சொல்றதை அப்படியே அவங்க பேச்சுலயே எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அந்த வார்த்தைகளை வெச்சு நமக்குன்னு ஒரு மதிப்பெண் தாள் போட்டுப் பார்ப்போம். 'காடி ஏறல'ங்கிறதை முதல் வார்த்தையா நான் எழுதிட்டேன்.