மூன்று சீரகங்கள்

செரிமானத்திற்குச் சீரக நீர் நன்று என்பது நம் வீடுகளின் பழைய அறிவுரை. பத்து பாகாட் சந்தையில் அதற்குரிய மலாய்ப் பெயர் ‘ஜிந்தான் பூத்தே’, அதாவது வெள்ளைச் சீரகம். (அப்படியொன்றும் அது வெண்மையில்லை!) ‘ஜிந்தான் மானிஸ்’ நம் பெருஞ்சீரகமாகிய சோம்பு, ‘ஜிந்தான் ஹீத்தாம்’ கருஞ்சீரகம். இரு மொழிகளும் பொதுப்பெயரோடு அடைசேர்த்து மூன்றையும் உறவாக்கியுள்ளன. தாவரவியல் உடன்படாது: சீரகமும் சோம்பும் ஒரே குடும்பம், கருஞ்சீரகம் முற்றிலும் வேறு. ஆகவே ஒன்றுக்குச் சொன்ன பயனை மற்றொன்றுக்கு ஏற்றலாகாது என வற்புறுத்துகிறோம். நீரிழிவுக்கு மருந்துண்போர் கருஞ்சீரகத்தை நாள்தோறும் உட்கொண்டால் குருதிச் சர்க்கரை மிகத் தாழக்கூடும். முன்னதாக மருத்துவரைக் கேட்டல் வேண்டும். ஆசிரியர்கள் மூன்றையும் வகுப்பிற்குக் கொணர்ந்து மாணவரைச் சுவைத்துப் பெயர் சொல்லச் செய்யலாம். ‘மானிஸ்’ என்றால் இனிப்பு என்பதைச் சோம்பே சொல்லிவிடும்.