ஓயாமல் கண்ணீர் வடிகிறதா? கண்ணீர்ப் பையைக் கவனியுங்கள்

அழாதபோதும் ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்துகொண்டே இருக்கும். காலையில் எழுந்தால் இமைகள் பீளையால் ஒட்டிக்கொண்டிருக்கும். வலி இல்லை, பார்வையும் தெளிவாகவே இருக்கிறது. ‘வயதானால் இப்படித்தான்’ என்று கைக்குட்டையால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போர் பலர்.

இந்த அறிகுறிகளுக்குக் காரணம் கண்ணீர்ப் பையில் ஏற்பட்ட நாள்பட்ட கிருமித்தொற்றாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால், கண்ணில் படும் சிறு கீறல்கூடப் பார்வையைப் பறிக்கும் புண்ணாக மாறக்கூடும்.

கண்ணீர் போகும் வழி

மூக்கை ஒட்டிய கண் ஓரத்தில், மேல் இமையிலும் கீழ் இமையிலும் ஊசிமுனை அளவில் ஒவ்வொரு துளை உண்டு. கண்ணை நனைத்த நீர் அவற்றின் வழியாகக் கண்ணீர்ப் பைக்குச் சென்று, அங்கிருந்து ஒரு குழாய் மூலம் மூக்கினுள் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசப்பதும் இதனால்தான்.

அந்தக் குழாய் அடைபட்டால் நீர் பையிலேயே தேங்குகிறது. தேங்கிய நீரில் கிருமிகள் பெருகிச் சீழ் பிடிக்கிறது. நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களிடம் இப்பிரச்சினை அதிகம் காணப்படுகிறது. மூக்கின் பக்கவாட்டில் அழுத்தினால் சீழ் அத்துளைகள் வழியே கண்ணுக்குள் திரும்பி வருவது இதன் முக்கிய அடையாளம். திடீரென அவ்விடம் சிவந்து வீங்கி, வலியும் காய்ச்சலும் வந்தால் உடனடிச் சிகிச்சை தேவை.

கருவிழிக்கு வரும் ஆபத்து

கருவிழியின் மேல்தோல் சேதமின்றி இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே புக முடியாது. தூசியோ இரும்புத் துகளோ நகமோ அதைக் கீறிவிட்டால் அந்தக் காவல் உடைகிறது. பக்கத்திலேயே சீழ் நிறைந்த பை இருக்கும்போது, கிருமிகள் அந்தக் கீறலை எளிதில் வந்தடைகின்றன. கருவிழியின் தடிமன் நடுப்பகுதியில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். கடுமையான புண் சில நாள்களிலேயே அதைத் துளைத்துவிடக்கூடும். புண் ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கலாம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை 434 கருவிழிப் புண் நோயாளிகள் ஆராயப்பட்டனர். அவர்களில் 284 பேருக்கு அதற்கு முன் கருவிழியில் காயம் பட்டிருந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் விவசாயத் தொழிலாளர்கள். பாக்டீரியாக்களில் அதிகம் காணப்பட்டது நிமோகாக்கஸ். நாள்பட்ட கண்ணீர்ப் பைத் தொற்றிலும் இடம்பெறும் கிருமி இது.

சிங்கப்பூரில் வயல்கள் இல்லை. ஆனால் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் இரும்பை அராவுவோர், பற்றவைப்போர் கண்களுக்கும் அதே ஆபத்து உண்டு. பாதுகாப்புக் கண்ணாடி அணிவது அவசியம். ஓயாமல் கண்ணீர் வடிவோருக்கு அது இன்னும் அவசியம்.

சொட்டு மருந்து போதுமா?

சொட்டு மருந்து தொற்றைத் தற்காலிகமாக அடக்கும், அடைப்பை நீக்காது. ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்தையோ, வேறொருவருக்குக் கொடுத்ததையோ கண்ணில் விடுவது ஆபத்தானது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும். ஆனால் உள்ளே புண் தீவிரமாகலாம், குறிப்பாகப் பூஞ்சைத் தொற்று இருந்தால். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் போன்றவற்றையும் தவிர்க்க வேண்டும்.

பையிலிருந்து மூக்கினுள் புதுவழி திறக்கும் அறுவை சிகிச்சையே பெரும்பாலும் நிரந்தரத் தீர்வு. 1904ல் இத்தாலிய மருத்துவர் டோட்டி விவரித்த முறை இது. இன்று மூக்கின் பக்கவாட்டில் சிறிய கீறல் மூலமாகவோ, தழும்பே இல்லாமல் மூக்கின் உள்ளிருந்தோ அதைச் செய்கிறார்கள்.

கண்புரை சிகிச்சைக்குக் காத்திருப்போர் கண்ணீர் வடிவதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. பையில் சீழ் இருக்கும்போது கண்ணைத் திறந்தால் கிருமி கண்ணுக்குள்ளேயே போய்விடலாம்.

பச்சிளங் குழந்தைகளின் நிலை வேறு. பெரும்பாலோருக்கு ஒரு வயதுக்குள் அடைப்பு தானாகவே திறந்துகொள்ளும். மருத்துவர் கற்றுத்தரும் விரல் அழுத்தம் அதற்கு உதவும்.

எங்கே செல்வது?

சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் முதலில் பலதுறை மருந்தகத்துக்குச் செல்லலாம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றால், சிங்கப்பூர்த் தேசியக் கண் நிலையம் போன்ற இடங்களில் நிபுணரைக் கழிவுக் கட்டணத்தில் பார்க்க முடியும்.

வேலை அனுமதி அட்டையில் இருப்போரின் மருத்துவச் செலவுக்கு முதலாளியே பொறுப்பு. மருத்துவமனைச் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்குமான காப்புறுதி, 2023 ஜூலை 1 முதல் ஆண்டுக்குக் குறைந்தது $60,000 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. வேலையில் கண்ணில் அடிபட்டால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டமும் துணைநிற்கும். செலவுக்குப் பயந்து யாரும் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால் அல்லது கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீர் மட்டும் வடிகிறது என்றால் சில நாள்கள் அவகாசம் உண்டு. அதைச் சில ஆண்டுகளாக நீட்டிவிடக் கூடாது.