தோட்ட எல்லையில் நின்றுபோன அரசு

பொகவந்தலாவைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குப் பிரதேச செயலகத்தில் அலுவல் இருந்தால், நோர்வூட், டிக்கோயா, ஹட்டன், வட்டவளை என்று பஸ் மாறிக் கினிகத்தேனைக்குப் போயாக வேண்டியிருந்தது. பல்லாண்டுகளாக இதுதான் நடைமுறையாக இருந்தது. அங்கே உரிய அதிகாரி இல்லையென்றால் மறுபடியும் ஒருநாள். அன்றைய பேர் (வேலைநாள் பதிவு) போயிற்று, சம்பளமும் போயிற்று.

2012 கணக்கெடுப்பின்படி, அந்தச் செயலகத்துக்குரிய அம்பகமுவ பிரிவில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். நுவரெலியா பிரிவும் அப்படியே. நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கு மேல் தோட்டத்தார்தான். இத்தனை பேருக்கும் அரசு எட்டாமல் போனதற்கு மலையை மட்டும் குறை சொல்ல முடியாது. மின்சாரத்துக்காக அரசு இந்த மலைக்குள் ஆழமாகவே வந்திருக்கிறது. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரையே தண்ணீருக்குக் கொடுத்தார்கள். நீர் வற்றும் மாதங்களில் பழைய கோயிலின் கற்கள் இன்றும் வெளியே தெரிகின்றன.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1869இல் வந்த இலைநோய் கோப்பியை அழித்தது, மலையெல்லாம் தேயிலையாயிற்று. 1885இல் ரயில் நானுஓயாவைத் தொட்டது. தோட்டத்துக்குள்ளே துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று தனி ஆட்சி நடந்தது. லயம், மருந்து, பிள்ளைமடுவம், பாதை எல்லாம் துரை கையில். 1947 தேர்தலில் தோட்டத்தாரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறுவருடமே தோட்டத்தாரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து வாக்கும் பறிபோனது. வாக்கில்லாதவன் வாசலுக்கு எந்த அரசியல்வாதி பாதை போடுவான்?

குடியுரிமை படிப்படியாகத் திரும்பியபோதும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடையாய் நின்றது. தோட்டத்தார் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினராலேயே அவர்களுடைய லயத்துப் பாதையில் ஒரு கல் போட முடியவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் இந்த அநியாயம் நீடித்தது. 2018இல்தான் திருத்தினார்கள். அதே ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றுக்குத் தனிச் சபைகளும் கிடைத்தன.

மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகங்களைப் பத்தாக்க 2019இல் முடிவானது. பெயர்ப்பலகை மாட்டினால் மட்டும் போதாது. கையெழுத்திடும் அதிகாரமும் தமிழ் தெரிந்த உத்தியோகத்தரும் அங்கே இருக்க வேண்டும். காணிப் பிரச்சினையும் பாக்கி: 1992 முதல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. லயத்துக்கு ஏறும் பாதையையும் குடியிருப்புக் காணியையும் அவற்றிடமிருந்து பிரித்தெடுத்துப் பொதுக் கணக்கில் சேர்க்கும் வேலையை, வரும் வரவுசெலவுத் திட்டத்திலாவது தொடங்க வேண்டும்.